பழைய இத்தாலியப் பட்டன் கத்திகளைச் சேகரிக்கத் தொடங்குவோர்க்கு: முத்திரையைக் கடைசியில் பாருங்கள்

பட்டனை அழுத்தினால் ஸ்பிரிங்கின் விசையால் அலகு தானாகத் திறக்கும் மடக்குக் கத்தியே பட்டன் கத்தி. இத்தாலியில் செய்யப்பட்ட பழைய பட்டன் கத்திகளைச் சேகரிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அலகின் அடியில் பொறித்திருக்கும் முத்திரையிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒரு பெயரைக் கேள்விப்படுகிறார்கள். அது அரிதானது என்று யாரோ சொல்கிறார்கள். அந்தப் பெயர் தாங்கிய கத்தி ஒன்று விற்பனைக்கு வந்ததும் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முதலில் கத்தியின் உடலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அது எந்தக் காலத்தில், எந்த முறையில் செய்யப்பட்டது என்று உடலே ஓரளவு சொல்லிவிடும். அதன் பிறகு முத்திரையைப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். ஒத்துப்போகாத முத்திரை எவ்வளவு அரிதான பெயரைத் தாங்கியிருந்தாலும் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் வேலை: சட்டம்

எதையும் தேடத் தொடங்கும் முன் நீங்கள் வாழும் இடத்தின் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இக்கத்திகளை மாநிலங்களுக்கிடையே வணிகம் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் தடை செய்தது. வைத்திருப்பது பற்றிய விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. பிரிட்டனில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தியையும் விற்பனையையும் தடுத்தது. 2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தின்படி, 2021 ஜூலை முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றமாகிவிட்டது. கனடாவின் குற்றவியல் சட்டம் விசையால் தானாகத் திறக்கும் கத்தியைத் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் தமிழர்கள் இந்தச் சேகரிப்பில் நேரடியாக இறங்க வழியில்லை என்றே கொள்ள வேண்டும்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வரும் விதிகளும் அறிவிக்கைகளும் பொருந்தும். சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி குறிப்பிட்ட பகுதிகளுக்கெனத் தனி அறிவிக்கை வெளியிடலாம். தில்லியில் 1980இல் வந்த அறிவிக்கை, அலகு 7.62 செ.மீ. நீளத்துக்கும் 1.72 செ.மீ. அகலத்துக்கும் குறையாத ஸ்பிரிங் கத்திகளையும் பட்டன் கத்திகளையும் பெயர் சொல்லியே கட்டுப்படுத்துகிறது. வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வரவழைப்பது சுங்கத்துறையின் கண்ணில் படாமல் போய்விடும் என்று எண்ணாதீர்கள். ஒரு வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்டு, இறக்குமதி பற்றிய விளக்கத்தைச் சுங்கத்துறையிடம் எழுத்து வடிவில் பெற்ற பிறகே பணத்தைச் செலவிடுங்கள்.

உங்கள் இடத்தில் சட்டம் இடம் தரவில்லை என்றால், பட்டன் இல்லாத இத்தாலிய மடக்குக் கத்திகளின் மீது கவனத்தைத் திருப்பலாம். டஸ்கனியில் உள்ள ஸ்கார்பெரியா, மொலீசே பகுதியின் ஃப்ரொசொலோனே ஆகிய ஊர்களின் பழைய மடக்குக் கத்திகளிலும் செய்தவர்களின் முத்திரைகள் உண்டு. கீழே நான் விளக்கும் முறைகள் அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எங்கே செய்யப்பட்டன

பல கத்திகளின் அலகில் ‘மிலானோ’ என்று இருப்பதைப் பார்த்து அவை மிலான் நகரில் செய்யப்பட்டவை என்று நினைத்துவிடக் கூடாது. அது ஏற்றுமதிச் சந்தைக்காகப் பொறிக்கப்பட்ட விற்பனைப் பெயர். பெரும்பாலான பட்டன் கத்திகள் வடகிழக்கு இத்தாலியில், ஃப்ரியூலி பகுதியின் போர்டெனோனே மாவட்டத்தில் உள்ள மனியாகோ என்ற சிற்றூரில் உருவானவை. அவ்வூரில் இரும்புத் தொழில் பழமையானது. 1453இல் கோல்வெரா ஓடையின் நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பினார்கள்; அந்த நீரின் விசையால் பெரிய சம்மட்டிகள் இயங்கின. உழவுக் கருவிகளில் தொடங்கி, வெனிஸ் குடியரசுக்கான ஆயுதங்கள் வழியாக வந்த கைத்திறன் பிற்காலத்தில் சட்டைப்பைக் கத்திகளில் வந்து நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த கொரிகாமா தொழிற்சாலையின் கட்டடத்தில் இன்று கத்தித் தொழிலுக்கான அருங்காட்சியகம் இயங்குகிறது. இத்தாலிக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், எந்தக் கடைக்கும் போகும் முன் அங்கே ஒரு முழுநாளைச் செலவிடுங்கள்.

தொழிற்சாலை வந்த பிறகும் மனியாகோவில் சிறு பட்டறைகளே நிறைந்திருந்தன. ஒருவர் அலகைச் சாணை பிடிப்பார். இன்னொருவர் கொம்பை அறுத்துப் பிடிக்குத் தகடாக்குவார். மூன்றாமவர் எல்லாவற்றையும் பொருத்தி ஆணி அடிப்பார். முத்திரைகளைப் புரிந்துகொள்ள இந்த வேலைப்பிரிவை மனதில் வைத்திருப்பது அவசியம். ஏனெனில் வாங்குகிறவர் எந்தப் பெயரைக் கேட்டாரோ அந்தப் பெயரையே பட்டறை பொறித்துக் கொடுத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் இக்கத்திகளை நினைவுப் பொருளாகக் கொண்டுபோனார்கள். அதைத் தொடர்ந்து இறக்குமதி பெருகியது. பிறகு இளைஞர் வன்முறை குறித்த அச்சம் பத்திரிகைகளில் வளர்ந்து, 1958இல் சட்டம் வந்தது. போர் முடிந்ததிலிருந்து அந்தச் சட்டம் வரையிலான சில ஆண்டுகளே சேகரிப்பாளர்கள் மிகவும் விரும்பும் காலம்.

உடலைப் படித்தல்

முதலில் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். ஒல்லியான, கூர்முனை அலகு கொண்ட இத்தாலிய ஸ்டிலெட்டோ வகைக் கத்திகளுக்குத் திறந்த நிலையில் உள்ள மொத்த நீளத்தையே அளவாகச் சொல்வது வழக்கம்: 23, 28, 33 செ.மீ. என்பவை அடிக்கடி காணப்படும் அளவுகள். ஒன்பது அங்குலம் எனப்படும் 23 செ.மீ. கத்தியில் பிடி ஏறக்குறைய 13 செ.மீ.யும் அலகு 10 செ.மீ.யும் இருக்கும். அலகு இதைவிடக் கண்கூடாகக் குட்டையாக இருந்தால், முனை உடைந்து மறுபடி தீட்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகியுங்கள். துப்பாக்கி முனையில் பொருத்தும் ஈட்டியை ஒத்த மெல்லிய அலகில், முதுகுப் பக்கத்துச் சரிவு முனை வரை ஒரே ஓட்டமாக இறங்க வேண்டும். முனைக்கு அருகே அந்தக் கோடு சட்டென வளைந்தால் அங்கே சாணைக்கல் வேலை செய்திருக்கிறது.

அடுத்து, திறந்த அலகைப் பூட்டி வைக்கும் அமைப்பைப் பாருங்கள். காலத்தைக் கணிக்க இதைவிட உதவியான அடையாளம் வேறில்லை. பிடியின் முதுகு நெடுக ஒரு எஃகுப் பட்டை ஓடுகிறது. அலகு திறந்து நிற்கும்போது அந்தப் பட்டையின் முன்முனை அலகின் அடியைப் பற்றிக்கொள்கிறது. மடக்க வேண்டுமானால் அந்த முனையைச் சற்றுத் தூக்க வேண்டும். பழைய அமைப்பில் இதற்கென முன்பூணின், அதாவது பிடியின் முன்முனையில் உள்ள உலோகப் பூணின், மேலே நகத்தால் நெம்பக்கூடிய ஒரு சிறு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். சேகரிப்பாளர்கள் இதைப் ‘பிக்லாக்’ என்கிறார்கள். 1950களின் இறுதியில் இந்த நாக்கு மெல்ல மறைந்து, முன்பூணையே ஒருபுறம் சாய்த்தால் பட்டை எழும்பும் அமைப்பு பரவலானது. ஆகவே பூண் சாயும் கத்தியைக் காட்டி ‘போர்க்காலத்தது’ என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. பிக்லாக் இருப்பதாலேயே கத்தி பழையது என்றும் முடிவு கட்டாதீர்கள். மனியாகோவில் இன்றும் அந்த அமைப்பைப் புதிதாகச் செய்கிறார்கள்.

பிறகு பிடியின் பொருளைக் கவனியுங்கள். மாட்டுக்கொம்பு, மான்கொம்பு, முத்துச்சிப்பி, செல்லுலாய்டு, பிற்காலப் பிளாஸ்டிக் ஆகியவை பொதுவாகக் காணப்படுகின்றன. கொம்பை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விளிம்புகளில் தேன் நிறம் கசியும். உள்ளே மெல்லிய நார்க்கோடுகள் ஒழுங்கில்லாமல் ஓடும். பிளாஸ்டிக்கில் நிறக் கலவை ஒரே மாதிரி மறுபடி மறுபடி வரும். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்: செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும், மற்றவற்றில் அழியாத் தழும்பு விழும்.

முதுகுப் பட்டைக்கும் பிடித்தகட்டுக்கும் நடுவே உள்தகட்டின் விளிம்பு தெரியும். பழைய கத்திகள் பலவற்றில் அது பித்தளை. அந்தப் பித்தளையின் நிறமும் ஆணித் தலைகளின் நிறமும் ஒரே அளவுக்கு மங்கியிருக்க வேண்டும். ஓர் ஆணி மட்டும் பளிச்சென்று மின்னினாலோ, அதைச் சுற்றிச் சுத்தியல் வழுக்கிய பிறை வடிவத் தடம் இருந்தாலோ, கத்தியை யாரோ பிரித்திருக்கிறார்கள். பிரித்தவர் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியிருக்கலாம். அலகையே மாற்றியிருக்கவும் கூடும். பழைய உதிரிப் பாகங்களை ஒன்றுசேர்த்துச் செய்த கத்திகள் சந்தையில் உண்டு. அவற்றில் அலகு பழையது, பிடி பழையது, முத்திரையும் உண்மையானது. ஆனால் மூன்றும் முதலில் ஒன்றாக இருந்தவை அல்ல. இதைக் கண்டுபிடிக்கும் திறன் வந்துவிட்டால் பாதி வித்தை கைவந்தது போலத்தான்.

இப்போது முத்திரை

அலகு பிடியோடு சேரும் தட்டையான அடிப்பகுதியில்தான் முத்திரை இருக்கும். சில கத்திகளில் இருபுறமும் இருக்கும். ஆகவே எப்போதும் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். நகைக்கடைகளில் பயன்படுத்தும் பத்து மடங்கு உருப்பெருக்கி லென்ஸ் ஒன்றும், பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கக்கூடிய சிறு டார்ச்சும் இருந்தால் போதும். நேராக விழும் ஒளியில் எழுத்துகள் தட்டையாகத் தெரியும். ஒளியைத் தாழ்வாகச் சாய்த்தால்தான் பள்ளங்களின் ஆழம் புலப்படும்.

முத்திரையில் வரும் சொற்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். ‘ஸ்டிலெட்டோ’, ‘மிலானோ’, துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ ஆகியவை பொதுச் சொற்கள். யார் செய்தார் என்பதை அவை சொல்வதில்லை. இரண்டாம் வகை, இறக்குமதி செய்தவர்களின் அல்லது விற்றவர்களின் பெயர். அமெரிக்கச் சந்தையில் புழங்கிய ‘லதாமா’ இப்படிப்பட்ட வணிகப் பெயர். அதன் பழைய கத்திகளைச் சேகரிப்பாளர்கள் மிக உயர்ந்த இடத்தில் வைக்கிறார்கள். ‘ரிட்சூட்டோ எஸ்டிலேட்டோ மிலானோ’ என்ற மூன்று சொல் முத்திரையும் 1950களின் கத்திகளில் வருகிறது. அதில் நடுச்சொல்லின் எழுத்துக்கூட்டு இத்தாலிய மொழிக்கு உரியதல்ல என்றாலும் அது போலிக்கு அடையாளமாகாது. உண்மையான கத்திகளிலேயே அப்படித்தான் இருக்கிறது. மூன்றாம் வகைதான் செய்தவரின் பெயரோ எழுத்துகளோ சின்னமோ. பட்டறை தன் பெயரைப் போடாமல் வாங்குகிறவரின் பெயரைப் போடுவதே வழக்கமாக இருந்ததால், இந்த மூன்றாம் வகை இயல்பாகவே குறைவு. அரிதான முத்திரை என்று மதிக்கத் தக்கவை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

‘இத்தாலி’ என்ற சொல்லுக்குத் தனிக் கவனம் கொடுங்கள். அமெரிக்காவுக்கு வரும் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டம் கட்டாயமாக்கியது. 1930ஆம் ஆண்டின் சட்டமும் அதைத் தொடர்ந்தது. கத்திகளில் அந்தப் பெயர் அச்சடித்தோ பொறித்தோ அழியாதபடி இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. எனவே ‘இத்தாலி’ என்று ஆங்கிலத்தில் இருக்கும் கத்தி ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். நாட்டின் பெயரே இல்லாத பழைய கத்தி, உள்நாட்டில் விற்கப்பட்டதாகவோ, ஒரு படைவீரரின் பையில் பயணம் செய்ததாகவோ இருக்கலாம். முத்திரை இல்லாத கத்தியைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுகிற புதியவர்கள் இந்த இடத்தில்தான் நல்ல பொருளைத் தவறவிடுகிறார்கள்.

போலி முத்திரையை அடையாளம் காண, முத்திரை எப்படி விழுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அலகை நெருப்பில் காய்ச்சிக் கடினமாக்குவதற்கு முன், எஃகு மென்மையாக இருக்கும்போதே அச்சை வைத்து அடிப்பார்கள். அச்சு விழும்போது எஃகு பக்கவாட்டில் நெருக்கப்படுகிறது. எழுத்தின் ஓரங்கள் இம்மியளவு மேடிடும். பிறகு மெருகேற்றும்போது அந்த மேடு பாதி தேய்ந்துபோகும். கையால் அடித்ததால் ஒரு பக்கத்து எழுத்து ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் இருப்பது சாதாரணம். கடினப்பட்ட அலகில் இப்படி அடிக்க முடியாது என்பதால், பின்னாளில் பெயர் சேர்க்கிறவர் அமிலத்தால் அரிக்க வேண்டும், அல்லது லேசரால் செதுக்க வேண்டும். அமிலத்தின் பள்ளம் ஓரம் மழுங்கி, அடியில் சொரசொரப்பாக இருக்கும். லேசரின் பள்ளம் எல்லா எழுத்திலும் ஒரே ஆழத்தில், கருகிய நிறத்தோடு இருக்கும். இன்னொரு சோதனையும் உண்டு: பழைய கார்பன் எஃகு அலகில் படிந்திருக்கும் சாம்பல் நிறக் கறுமை எழுத்துப் பள்ளத்தின் அடிவரை தொடர்ந்து போக வேண்டும். சுற்றிலும் கறுத்து, எழுத்துக்குள் மட்டும் எஃகு வெளிறியிருந்தால் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதிய கத்திகளின் முத்திரைகளையும் தெரிந்து வைத்திருங்கள். ஃபிராங்க் பெல்ட்ராமே, ஏஜிஏ காம்பொலின், எஸ்கேஎம், ஏகேசி ஆகிய பெயர்கள் அண்மைக் காலத்துக் கத்திகளில் வருபவை. அவற்றில் நல்ல வேலைப்பாடு உண்டு. நான் குறைத்துச் சொல்லவில்லை. 1950களின் பொருள் என்று விலை சொல்லப்படும் கத்தியில் இவை இருந்தால் அந்தக் கதையைச் சந்தேகியுங்கள்.

ஒரே முத்திரை உள்ள கத்திகளின் படங்களைச் சேர்த்து வைத்து ஒப்பிடுவது மிகுந்த பலன் தரும் பயிற்சி. அச்சு அடிக்க அடிக்கத் தேய்கிறது. ஒரு நாள் ஒரு எழுத்தின் கால் உடைகிறது. அந்த உடைந்த எழுத்து அதன்பின் அந்த அச்சால் அடித்த ஒவ்வொரு அலகிலும் வரும். அதே உடைவு வெவ்வேறு பிடி வடிவங்களில் தென்பட்டால், அவை ஒரே பட்டறையிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று நியாயமாக ஊகிக்கலாம். நாணய ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது. மெல்லிய தாளை முத்திரை மேல் வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்தும் பிரதி எடுக்கலாம். ஒளிப்படத்தில் பளபளப்பு மறைத்துவிடுகிற கோடுகள் அதில் தெளிவாக விழும். அலகு திறந்து பூட்டிய நிலையில், கூர்முனை உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி மேசையில் கிடத்திய பிறகே இதைச் செய்யுங்கள்.

வாங்கும்போது

முதல் கத்தியாக அரிய முத்திரையைத் தேடாதீர்கள். கொம்புப் பிடி விரிசலின்றி, அலகு தீட்டப்படாமல், பூட்டு ஆடாமல் இருக்கும் முத்திரையற்ற பிக்லாக் ஒன்று, பழுதுபார்க்கப்பட்ட அரிய முத்திரைக் கத்தியைவிட உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். அரிது என்பதும் விலைமதிப்பு என்பதும் ஒன்றல்ல. யாரும் தேடாத ஒரு பெயர் எவ்வளவு அரிதாக இருந்தாலும் அதை மறுபடி விற்கப் போகும்போது கேட்பாரற்றுக் கிடக்கும்.

விற்பவரிடம் படங்களைக் கேட்டு வாங்குங்கள்: மூடிய நிலையில் இரு பக்கமும், திறந்த நிலையில் இரு பக்கமும், முதுகிலிருந்து ஒன்று, பட்டனுக்கும் அதன் பாதுகாப்புத் தாழுக்கும் அருகிலிருந்து ஒன்று, முத்திரைக்குச் சாய்ந்த ஒளியில் ஒன்று. இவற்றைத் தர மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம். நேரில் பார்க்கும்போது, திறந்து பூட்டிய அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா, மூடினால் இரு உள்தகடுகளுக்கும் நடுவில் அமர்கிறதா என்று பாருங்கள். விற்பவரே திறந்து காட்டட்டும். ஒருமுறை போதும், பழைய ஸ்பிரிங்கை வேடிக்கைக்காகத் திரும்பத் திரும்ப இயக்கினால் அது முறியும், ஆணிகளைக் கழற்றாமல் அதை மாற்ற வழியில்லை.

வீட்டில் வைத்திருப்பது

தோல் உறையில் போட்டு வைப்பதே பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம். தோலைப் பதப்படுத்தப் பயன்படும் பொருள்கள் ஈரத்தை இழுத்துப் பித்தளையைப் பச்சையாக்கும், எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். செல்லுலாய்டுப் பிடி உள்ளவற்றை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள். அந்தப் பொருள் சிதையத் தொடங்கினால் வெளிவிடும் அமில ஆவி அருகில் உள்ள உலோகத்தையெல்லாம் அரித்துவிடும். காற்றோட்டமான, சூடு படாத இடத்தில் தனியே வைக்க வேண்டும். கொம்புப் பிடிகளில் பூச்சிப் புழுக்கள் குடைந்த குழிகள் தோன்றுகின்றனவா என்று அவ்வப்போது பாருங்கள். அலகில் மினரல் எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவி, பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவைத்தால் போதும்.

கறுமையைத் தேய்த்து அலகை வெள்ளியாக்க வேண்டும் என்ற ஆசையை அடக்குங்கள். உப்புத்தாளும் மெருகுப் பசையும் முதலில் கரைப்பது முத்திரையின் ஓரங்களைத்தான். அந்த மேடு போனபின் அச்சு முத்திரையையும் போலியையும் பிரித்தறிவது கடினமாகிவிடும். செந்துருவை மட்டும் எண்ணெயில் ஊறவைத்து மென்மையான துணியால் துடையுங்கள். பாதுகாப்புத் தாழைப் போட்டு, குழந்தைகளுக்கு எட்டாதபடி பூட்டிய பெட்டியில் வையுங்கள். கையில் எடுக்கும்போது பட்டன் மீது விரல் படாமல், அலகு வெளிவரும் பக்கம் உடலிலிருந்து விலகியிருக்கப் பிடியுங்கள். தேய்ந்த தாழ் தானாகவே விலகக்கூடும்.

ஒவ்வொரு கத்திக்கும் ஓர் அட்டை எழுதி வையுங்கள். திறந்த நீளம், பூட்டின் வகை, பிடியின் பொருள், உள்தகட்டின் உலோகம், முத்திரையின் எழுத்துகள் வரிவரியாக, பென்சில் பிரதி, வாங்கிய நாள், இடம், விற்பவர் சொன்ன கதை ஆகியவற்றைக் குறியுங்கள். விற்பவர் சொன்னதையும் நீங்கள் கண்டதையும் வேறுவேறு மையில் எழுதுங்கள். பின்னாளில் இந்த அட்டையைப் படிப்பவருக்கு எது சான்று, எது செவிவழிச் செய்தி என்று அப்போதுதான் விளங்கும். சட்டப்படி வாங்கியதற்கான ரசீதையும் அதே உறையில் இணைத்து வையுங்கள்.